பல்லக்குத் தண்டின் கீழே

நாகப்பன் மருமகள் கையால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார் என்பது பட்டாபிராமில் அந்தத் தெரு முழுவதற்கும் ஒரே நாளில் தெரிந்துபோனது. அவரேதான் தெரியவைத்தார். வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை தெருமுனை வரைக்கும் அடிக்கிறபோது, மனிதர் முனைக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆறிப்போன இட்லியைத் தண்ணீர் சாம்பாரில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தால் நாலு பேர் கேட்க மாட்டார்களா? கேட்டார்கள்.

"இன்னா நாகப்பா, ஊட்ல சமைக்கலயா?"

"சமைக்கிறாங்கோ. எனுக்குத் தொண்டையில எறங்கல."

இதைச் சொல்லிவிட்டு அவர் வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வை போதாதா? மருமகள் எழிலரசி என்னவோ செய்துவிட்டாள் என்று தெரு முடிவு கட்டியது. மாமியார் வேம்புலியம்மாள் குழாயடியில் நின்று, அந்த முடிவுக்குக் கையும் காலும் வைத்து அனுப்பினாள். "படிச்ச பொண்ணு, கட்டுவோம்னு கட்னோம். அது படம் வரைஞ்சே எங்க மானத்த வாங்கிடுச்சு" என்றாள். எப்படி வாங்கியது என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது.

பழைய வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைகளுக்குப் போட்ட சித்திரங்களைப் பெரிதாக்கி, கான்வாஸில் கையால் வண்ணம் தீட்டி, சட்டம் அடித்துக் கொடுப்பது எழிலரசியின் தொழில். ஆவடியிலும் கொரட்டூரிலும் பட்டாபிராமிலும் அடுக்குமாடிகள் எழும்ப எழும்பச் சுவர்களும் எழும்பின. சாமி படம் பூஜை அறைக்குப் போகும், கல்யாண போட்டோ படுக்கையறைக்குப் போகும். ஹாலுக்கு என்ன மாட்டுவது? வாள் பிடித்த இளவரசனும் நந்தவனத்து ராணியும் அங்கேதான் வந்து நின்றார்கள். தஞ்சாவூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களின் வீடுகளில், அம்மாவோ அத்தையோ அந்தக் காலத்தில் வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த தொடர்கதைப் புத்தகம் ஒன்று நிச்சயம் இருக்கும். அதிலிருந்து ஒரு பக்கத்தைப் போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். எழிலரசி அதைப் பிரிண்ட் எடுத்து, மேலே கட்டம் கட்டமாகக் கோடு போடுவாள். கான்வாஸில் பெரிய கட்டங்கள். இந்தக் கட்டத்தில் இருப்பது அந்தக் கட்டத்துக்குப் போகும். அவளுக்குக் கதை தெரியாது. கட்டம்தான் தெரியும்.

ஆனால் பைண்டிங் தையல் விழுந்த இடத்தில் படம் உள்ளே போயிருக்கும். சில பக்கங்களைப் பூச்சி அரித்திருக்கும். அங்கே யார் முகம் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஓட்டைகளைத் தெரிந்த மூஞ்சிகளை வைத்து அடைப்பது அவள் பழக்கம். அமைச்சருக்கு ரேஷன் கடைக்காரர், தோழிப் பெண்ணுக்குத் தன் தங்கச்சி, துறவிக்கு மாவு மில் உலகநாதன். இதுவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. உலகநாதனுக்குத் தெரிந்தபோது மனிதர் ஒரு வாரம் தாடியைத் தடவிக்கொண்டே மாவு அரைத்தார்.

புது வீட்டு ஹாலுக்குப் படம் கேட்ட கவிப்பிரியா அனுப்பிய பக்கத்தில் பூச்சி அரிக்கவில்லை. இளவரசி பல்லக்கில் ஆற்றைக் கடக்கிறாள். மழை, மின்னல். திரையை விலக்கி எட்டிப் பார்க்கிறாள். முன்தண்டைத் தோளில் தாங்கியபடி ஓர் ஆள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் இருப்பவர்கள் மழையில் மறைந்துவிட்டார்கள். முன்னால் நிற்பவனுக்கோ ஓவியர் முகமே போடவில்லை. தலைப்பாகை, அதற்குக் கீழே ஒரு கறுப்புத் தீற்றல், அவ்வளவுதான். இளவரசியின் மூக்குத்திக் கல்லைக்கூட இழைத்து வரைந்தவர், இவனுக்கு ஒரு கண்ணாவது வைத்திருக்கலாம். பத்திரிகையில் கடுகளவு இருந்தபோது அது உறுத்தவில்லை. சுவரளவுக்குப் பெரிதாக்கியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டையாக நின்றது. எழிலரசிக்கு அந்தப் பழைய ஓவியர் மேல் கோபம் கோபமாக வந்தது.

ஐப்பசி அடைமழை. மொட்டைமாடியில் அவள் படம் போடுகிற ஷீட் கொட்டகை ஒழுகியது. பெயிண்ட் காயாமல் பிசுபிசுத்தது. நாகப்பன் தார்ப்பாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நனைந்தபடியே படியேறி வந்தார். அம்பத்தூர் எஸ்டேட் வார்ப்படப் பட்டறையில் உலையோடு வாழ்நாளைக் கழித்தவர். வயதாகியும் தோள் இறங்கவில்லை. அவளுடைய பெயிண்ட் டப்பாக்களில் ஒரு சொட்டு விழக்கூடாது என்று அவர் சுருளை இறக்கி விரித்துக் கட்டினார். அந்த வீட்டில் எழிலரசிக்குப் பிடித்த முகம் அதுதான். அவர் கீழே போனதும் அந்த முகத்தை அப்படியே எடுத்து ஓட்டையில் வைத்துவிட்டாள். வைத்து முடித்ததும் படம் எழுந்து நின்றது. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

கவிப்பிரியாவும் மகிழ்ந்துபோய், "கிரகப்பிரவேசத்துக்குக் குடும்பத்தோட வந்தரோணுங்க" என்று கூப்பிட்டாள். அவள் கோயம்புத்தூர்க்காரி. அவளுடைய வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், புது அடுக்குமாடியின் மேல்தளம். நாகப்பன் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். மருமகள் வேலையை நாலு பேர் பாராட்டுவதைக் காதால் கேட்கத்தான் போனார். அதுதான் வேடிக்கை.

போனதும் கவிப்பிரியாவின் மாமா ஒருவர் படத்தைப் பார்த்தார், நாகப்பனைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"ஏனுங் பெரியவரே, அது நீங்கதானுங்களே!"

ஹால் மொத்தமும் திரும்பியது. போன்கள் வெளியே வந்தன. "அட ஆமா, அப்படியே இருக்காரு!" "மாடல் நேர்லயே வந்துட்டாருடோய்!" நாகப்பனைத் தோளைப் பிடித்துப் படத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஐ.டி. கம்பெனி இளைஞன் ஒருவன், ஜன்னலுக்கு மாட்ட வாங்கி வைத்திருந்த திரைச்சீலைக் கம்பியை எடுத்துவந்து அவர் தோளில் வைத்தான். "தாத்தா, அதே போஸ் குடுங்க. கொஞ்சம் குனிஞ்சு. கஷ்டப்படற மாதிரி."

அவன் கெட்டவன் இல்லை. அந்த ஹாலில் யாருமே கெட்டவர்கள் இல்லை. நாகப்பன் கம்பியை எடுத்துச் சுவரோரமாகச் சாத்தினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, லிப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கிப் போய்விட்டார். வேம்புலியம்மாள் மட்டும், போட்ட இலையை விட்டு எழுந்தால் பாவம் என்று, பாயசம் வரைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்தாள். வீட்டுப் படியில் கால் வைத்ததும் ஆரம்பித்தாள்.

"ஏண்டி, உனுக்கு வேற மூஞ்சியே கெடைக்கலயா? எங்க ஊட்டு ஆம்பளதான் கெடைச்சாரா பல்லக்கு தூக்கறதுக்கு?"

"அத்தே, படம் அது. அமைச்சருக்கு ரேசன் கடைக்காரர வெச்சப்ப சிரிச்சீங்க இல்ல?"

"அமைச்சரு ஒக்காந்துகினு கீறான்டி! இவுரு சொமந்துகினு கீறாரு!"

"மூஞ்சி இல்லாம நின்னாரு அத்தே அந்தாளு. ராணிக்கு மூஞ்சி, அவ மூக்குத்திக்குக்கூட கல்லு, தூக்கறவனுக்கு மட்டும் மூஞ்சி இல்ல. எனுக்கு வயிறு எரிஞ்சிச்சு. மாமா மூஞ்சிய வெச்சா படத்துக்கே அவருதான் ராஜா மாரி இருந்தாரு. எல்லாரும் அவரத்தான பாத்தாங்கோ?"

"பாத்தாங்கோ பாத்தாங்கோ. கம்பியக் குடுத்து நிக்க வெச்சுப் பாத்தாங்கோ."

எழிலரசியின் கணவன் அரவிந்தன் ஷிப்ட் முடிந்து வந்தபோது சண்டை சூடாக இருந்தது. எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன், வீட்டுச் சண்டை என்றால் நழுவுகிற ரகம். "உடு நைனா, ஒரு படத்துக்குப் போயி" என்றான். அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாகப்பன் மகன் பக்கம் திரும்பினார்.

"ஒரு படமா? உனுக்கு இன்னாடா தெரியும்?"

"சொன்னாத்தான தெரியும்?"

"சென்னீர்குப்பத்துக்குப் பின்னாலடா, இப்ப ஹைவே போவுது பாரு, அங்க எங்க தெரு. பெரிய ஊட்ல கல்யாணம்னா மாப்பிள்ளைய பல்லக்குல ஏத்தி ஊரச் சுத்துவாங்கோ. தூக்கறது நாங்க. எங்கப்பன் தூக்குனான், அவங்கப்பன் தூக்குனான். மீச மொளைக்கிற வயசுல என் தோள்ல வெச்சாங்கோ, முன்தண்டு. மழ. மொழங்கால் அளவு சேறு. உள்ள குந்திகினு அந்தாளு வெத்தல போடறான். போட்டுட்டுத் துப்பறான். என் முதுவுல." அவர் கை தானாகவே பின்னால் போனது. "எறக்கி வெச்சேன். நடுத்தெருவுல, சேத்துல. மாப்பிள்ள கவுந்துட்டான்."

வேம்புலியம்மாளுக்கு மட்டும் இது தெரியும் என்பது, அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதில் தெரிந்தது.

"அடிச்சாங்கோ. என்னிய உட்டுட்டு எங்கப்பன கட்டி வெச்சு அடிச்சாங்கோ. அதுக்கப்புறம் எந்தத் தோள்லயும் அது ஏறல. எங்க தெருவுல ஒருத்தனும் தூக்கல. நான் அம்பத்தூருக்கு வந்து நெருப்புல வெந்தேன். வெந்தாலும் நின்னுகினு வெந்தேன். இவ இன்னா பண்ணா? நான் சேத்துல போட்டுட்டு வந்தத தொடச்சி எடுத்து, கலர் அடிச்சி, மறுபடியும் என் தோள்ல வெச்சி, அடுத்தவன் ஊட்டுச் செவுத்துல மாட்டிட்டா. நான் செத்தாலும் அது தொங்கும். பேரப்புள்ளிங்க காலத்துலயும் நான் தூக்கினே நிப்பேன்."

எழிலரசிக்கு அழுகையோடு ஆத்திரமும் வந்தது, ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

"இத எங்கிட்ட யாரு சொன்னீங்கோ? உங்க புள்ளைக்கே தெரியாது. எனுக்கு எப்டி தெரியும்?"

"சொல்லிகினு திரியற கதையா அது?"

"சொன்னா உங்களுக்கு அசிங்கம், சொல்லாட்டி எனுக்குக் குத்தம். நல்லா கீது நாயம்!"

"குத்தமோ கொடமோ. அந்த மூஞ்சிய அங்கேருந்து எடு. எடுக்கற வரைக்கும் உன் கையால பச்சத்தண்ணி தொட மாட்டேன்."

"வித்த படம் மாமா. அவங்க ஊட்டுது. போய் கை வெச்சா அந்த பில்டிங்கே என்னிய சும்மா உடாது. அங்க கீற ஊடுங்களை நம்பித்தான் நான் தொழிலே பண்றேன்."

"அப்ப தொழில வெச்சிக்கோ" என்று நாகப்பன் எழுந்து போனார். வேம்புலியம்மாள் அதற்கு வால் வைத்தாள். "இந்த ஊட்ல ஒண்ணு அவுரு சாப்புடணும், இல்ல மாடில கீற டப்பாவெல்லாம் குப்ப வண்டில போவணும். பாத்துக்கோ."

அதற்குப் பிறகுதான் முனைக்கடை இட்லி. சமைத்தது மிஞ்சியது. மிஞ்சியதை வேம்புலியம்மாள் எழிலரசியின் கண் முன்னாலேயே நாய்க்குப் போட்டாள். அரவிந்தன் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டான். பேசுவதற்கு ஆளில்லாமல் எழிலரசி ஈரக் கொட்டகையில் தூரிகையைக் கழுவிக் கழுவி வைத்தாள். கடைசியில் ஒரு காலை, டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள்.

கவிப்பிரியா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தாள். வீட்டிலிருந்தே வேலை. விஷயத்தைக் கேட்டதும் முகம் சுண்டிப்போனது.

"என்னங்க எழில் இது? எங்கம்மா அந்தப் பக்கத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாங்க தெரியுங்களா? ஆஸ்பத்திரிலகூடத் தலைமாட்டுலயே வெச்சிருந்தாங்க. அவங்க இருந்திருந்தா இந்த ஹால்ல உட்கார்ந்து அதைத்தான் பார்த்துட்டு இருப்பாங்க. நான் ஆசையா மாட்டியிருக்கேன். நீங்க அழிக்கறேங்கறீங்க."

"அழிக்கல மேடம். மூஞ்சிய மட்டும் மாத்தித் தரேன். எங்க மாமனாரு சாப்புடாம கீறாரு."

"அவரை நாங்க மரியாதையாத்தானே நடத்தினோம்? எல்லாரும் எவ்வளவு ஆசையா போட்டோ எடுத்தாங்க. எங்க குரூப்ல போட்டு அத்தனை பேரும் ஹார்ட் போட்டிருக்காங்க. அவமானப்படற மாதிரி அதுல என்னங்க இருக்கு? உழைக்கறது கேவலமா?"

"கேவலம் இல்லதான் மேடம்."

"பின்ன?"

பின்ன என்று கேட்டால் எங்கிருந்து ஆரம்பிப்பது? கவிப்பிரியா கடிகாரத்தைப் பார்த்தாள், மீட்டிங் இருந்தது.

"சரி, மாத்துங்க. ஆனா பழையபடி கறுப்பா மழுப்பிட்டுப் போகக்கூடாது. மூஞ்சி இல்லாத ஆள் என் ஹால்ல வேண்டாம், பயமா இருக்கும். நல்ல மூஞ்சியா வைங்க."

நல்ல மூஞ்சி. எழிலரசி ஸ்டூலைப் போட்டு ஏறி, நாகப்பனின் கண்ணையும் மூக்கையும் பழுப்பு வண்ணத்தால் மூடினாள். பெற்ற தகப்பனை அடித்ததுபோல வலித்தது. பிறகு தூரிகையைப் பிடித்தபடி நின்றாள். யாரை வைப்பது? அவளுடைய அப்பாவும் கூலிக்காரர்தான், அவர் தோளில் ஏற்றலாமா? தம்பியை? அரவிந்தனை? மாவு மில் உலகநாதனை? ஊரில் இருக்கிற ஒவ்வொரு மூஞ்சிக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் சோறு வேகிறது. இத்தனை நாள் தெரியாத விஷயம் அன்றைக்குத் தெரிந்தது. எதிர்ச்சுவரில் கவிப்பிரியாவின் கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு நல்ல களையான முகம்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? உங்க ஊட்டுக்காரர் மூஞ்சிய வெச்சிடவா?"

கவிப்பிரியா சட்டென்று திரும்பினாள். "என்ன பேசறீங்க நீங்க?"

"ஏன் மேடம்? படம்தான. உழைக்கறது கேவலமா?"

"எழில், உங்க எடம் என்னன்னு தெரிஞ்சு பேசுங்க! வீட்டுக்குள்ள விட்டதுக்கு இதுவும் பேசுவீங்க, இன்னமும் பேசுவீங்க. சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்புங்க."

அவள் உள்ளே போய் அறைக் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள். எழிலரசி போனை எடுத்துச் செல்பி கேமராவைத் திறந்து ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். ஒரு மீசை வைத்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். எவளையோ பழிவாங்குகிற வேகத்தில் வரைந்தாள். யாரைப் பழிவாங்குகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நாகப்பன் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டேன் மாமா. இனிமே நீங்க சாப்புடலாம்."

"யாரு மூஞ்சிய வெச்ச?"

"அது எதுக்கு உங்களுக்கு? உங்க மூஞ்சி இல்ல."

"யாரு மூஞ்சின்னு கேட்டேன்."

"எம் மூஞ்சி!" என்று கத்தினாள். "யாரு தோள்ல வெச்சாலும் அவுங்க ஊட்ல சண்ட. என்னியக் கேக்கத்தான் நாதியில்லயே. நானே தூக்கறேன். செவுரு இடியற வரைக்கும் நானே தூக்கினு நிக்கறேன். போதுமா?"

வேம்புலியம்மாள் உள்ளேயிருந்து வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நாகப்பன் கையைக் காட்டி அடக்கினார். பம்ப்பைக் கீழே வைத்தார். மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளிலிருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, பாதி காற்றடித்த சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு, ரயில்வே கேட்டைப் பார்த்து நடந்தார். "மாமா, வேணாம் மாமா" என்று எழிலரசி பின்னால் ஓடினாள். அவர் நிற்கவில்லை.

கவிப்பிரியா கதவைத் திறந்து, யார் என்று கேட்பதற்குள் அவர் ஹாலுக்குள் வந்துவிட்டார். படத்துக்கு முன்னால் நின்றார். இடுப்பளவு தண்ணீரில், மீசையோடு, தண்டைத் தாங்கியபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் வீட்டுப் பெண் நின்றிருந்தாள். நாகப்பன் ஸ்டூலில் ஏறினார். சட்டத்தின் இரண்டு பக்கமும் கையைக் கொடுத்துத் தூக்கி ஆணியிலிருந்து கழற்றினார். தேக்குச் சட்டம், சுவரளவுப் படம். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கியபோது அவர் கால்கள் ஆடின. எழிலரசி கீழே பிடித்துக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க? ஏங்க! செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன்!"

"கூப்புடும்மா."

படத்தைத் தரையில் வைத்துச் சோபாவில் சாய்த்தார். மூச்சு வாங்கியது.

"ஒடைக்கல. கிழிக்கல. உன் சாமான் உங்கிட்டயே கீது, எறக்கி வெச்சிட்டேன். அவ்ளோதான்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கவிப்பிரியாவுக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது. அது நடிப்பில்லை, அம்மாவின் படம் தரையில் கிடந்தது. குனிந்து சட்டத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். ஒரு பக்கம்தான் எழும்பியது. மறு பக்கம் டைல்ஸில் கீறியது.

"பார்த்துட்டு நிக்கறீங்களே எழில்? வந்து ஒரு கை புடிங்க. இதை முதல்ல மேல மாட்டிக் குடுத்துட்டுப் போங்க. இல்லாட்டி இந்த பில்டிங்ல இனி ஒரு வீட்லயும் உங்களுக்கு ஆர்டர் கிடைக்காது. சொல்லிட்டேன்."

எழிலரசியின் கை பழக்கத்தில் நீண்டது. சட்டத்தின் விளிம்பில் விரல் பட்டது. கீழேயிருந்து அவளுடைய முகமே அவளைப் பார்த்தது.

"நீங்களே தூக்கிக்கங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, அவள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.